கோட்டைக் கோபுரத்தின் பாதிப் படியில்

போன மாதம், நான் முன்பு வேலை செய்த சுற்றுலா நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். இனிமேல் பிரான்ஸ் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களோடு வழிகாட்டி போகமாட்டாராம். அவரவர் கைபேசியில் ஒரு செயலி இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் அது விளக்கம் சொல்லும். தமிழிலும் செய்திருக்கிறார்கள். "ஜெசி அன்ரி, தமிழ் சரியா இருக்கா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களா?" என்றாள்.

சிட்னியில், துங்காபி வீட்டுக் குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்து கேட்டேன். நல்ல குரல். அகழி எவ்வளவு ஆழம், சுவர் எவ்வளவு தடிப்பு, யார் கட்டினான், யார் இடித்தான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னது. ஓரிரு இடத்தில் ழகரம் தடுக்கியதைத் தவிர நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுக்கோபுரத்துக்கு வந்ததும், "இப்போது சுழல் படிக்கட்டில் ஏறுங்கள்" என்று சொல்லிவிட்டு, உடனே மேல்தளத்துக் கதையைத் தொடங்கியது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்தப் படிக்கட்டில் எனக்கு ஒருமுறை ஒரு பிற்பகலே போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் பாரிசுக்குப் போய், சில வருடங்கள் விடுதி அறைகள் கூட்டி, அங்கேயே பிரெஞ்சு பேசப் பழகினேன். கலியாணம் கட்டி சிட்னிக்கு வந்தபோது, அந்தப் பிரெஞ்சு எனக்கு இங்கே எதற்குமே உதவாது என்று நினைத்தேன். பரமட்டாவில் இருந்த ஒரு சிறிய சுற்றுலா நிறுவனம் பிரெஞ்சு தெரிந்த ஆளைத் தேடியது. நேர்முகத்தில் கேட்டது ஒரே கேள்வி: "வயதான ஆட்களோடு மெதுவாக நடக்கப் பொறுமை இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

கேள்வி கேட்டவர் டொறத்தி. எங்கள் தலைவி. முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, பிறகு சுற்றுலாவுக்கு வந்தவர். உயரமான, மெலிந்த வெள்ளைக்கார மனுசி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் கிட்டப் போய்க் குனிய வேண்டும். அதுவே பெரிய தண்டனை.

கோட்டைக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு டொறத்தியிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நாளே நாங்கள் தனியாகப் போய் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். கழிப்பறை எங்கே, உட்கார வாங்குப் பலகை எங்கே, எந்தப் படி தேய்ந்து வழுக்குகிறது, மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் ஆட்களை எண்ணும்போது விரல் நீட்டக்கூடாது. ஒவ்வொருவரோடும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டே மனதுக்குள் எண்ண வேண்டும். சுழல் படிக்கட்டில் வழிகாட்டி முன்னால் போகக்கூடாது, கடைசி ஆளாக ஏற வேண்டும். "விழுகிற ஆள் மேலே விழமாட்டார், ஜெசி" என்பார். எவராவது பயந்து நின்றுவிட்டால், "என்ன செய்கிறது?" என்று கேட்கவே கூடாது. "என்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும். ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பழகியது என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தமிழ் ஆட்களின் குழு ஒன்று வந்தது அதற்குப் பல வருடங்களின் பின். பாரிசில் ஒரு கலியாணம். சிட்னியிலிருந்து மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று குடும்பமாகப் போகிறார்கள்; கலியாணம் முடிந்த கையோடு லுவார் பள்ளத்தாக்கில் நான்கு நாள் கோட்டை பார்க்கவும் ஆசை. தமிழில் விளக்கம் வேண்டுமென்று கேட்டதால் டொறத்தி என்னை அனுப்பினார். பாரிசில் இருக்கிற ஆட்களும் சேர்ந்ததில் பஸ் நிறைந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளையின் மாமா யோகநாதனும் இருந்தார். சிட்னியில் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார், ஆனால் எல்லாருடைய பெட்டியையும் அவரே தூக்கி ஏற்றுவார். மனைவி சாந்தி குழந்தைகள் காப்பகத்தில் வேலை. ஒரே மகள் ஆரணி, பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கியிருந்தாள். கோட்டைப் பயணமே அவளுடைய யோசனைதான். பஸ்ஸில் தாய்க்குப் பக்கத்தில் இருப்பாள். தகப்பன் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். பெரிய பிள்ளைகள் அப்படித்தான் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் போன கோட்டைதான் இது. வெள்ளைச் சுண்ணக்கல், எண்ணூறு வருடத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. அகழியில் இப்போது தண்ணீர் இல்லை, புல்தான். தூக்குப் பாலம் இருந்த இடத்தில் மரப்பாலம்; ஆனால் வாசலின் இரண்டு பக்கமும் சங்கிலி ஓடிய நீளத் துளைகளை இன்னும் காணலாம். உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். வளைவின் கூரையில் சதுரத் துளைகள். முதல் கதவை உடைத்து வருகிறவன் இரண்டாம் கதவுக்கு முன்னால் அடைபட்டு நிற்பான். அப்போது மேலிருந்து கல்லும் கொதிநீரும் கொட்டுவார்கள் என்றேன். உடனே இரண்டு அன்ரிமார் சேலையைப் பிடித்துக்கொண்டு வேகமாக அந்த இடத்தைக் கடந்தார்கள்.

முற்றத்தில் ஆழக் கிணறு. பெரிய மண்டபத்தில், ஒரு ஆள் நிமிர்ந்து நடந்து போகக்கூடிய அளவு அடுப்பு. அதன் பின்னால் ஒரு சிறிய அறை, சுவரோடு ஒரு கல் வாங்கு, நடுவில் ஓட்டை. பிரபு குடும்பத்தின் கழிப்பறை என்றேன்.

"அப்ப எல்லாம் நேரே அகழிக்கோ?" என்று பாரிசிலிருந்து வந்த ஒரு அங்கிள் கேட்டார்.

"ஓம், நேரே அகழிக்குத்தான்."

"அதுதான் ஒருத்தரும் நீந்தி வரேல்லப் போல."

எல்லாரும் சிரித்தார்கள். யோகநாதனும் சிரித்தார். அன்று அதுவரைக்கும் நல்ல நாள்.

நடுக்கோபுரம் கோட்டையின் மிகப் பழைய பகுதி. எதிரி எல்லாவற்றையும் பிடித்தாலும் கடைசியாக ஒதுங்குகிற இடம் அது. சுவருக்குள்ளேயே குடைந்த மாதிரி ஒடுக்கமான சுழல் படிக்கட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். வலக்கையால் வாள் வீசி ஏறிவருகிறவனுக்குக் கை சுவரில் இடிக்கும்படி சுழற்றிக் கட்டினார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லுவோம். அது உண்மைதானா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள் என்றும் நான் சொல்லுவேன். ஆரணிக்கு அது பிடித்திருந்தது. முதல் ஆளாக ஏறினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். யோகநாதன் கடைசியாக நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

பாதி ஏறியிருப்போம். மேலே எங்கேயோ காற்றில் ஒரு இரும்புக் கதவு அடித்துச் சாத்தியது. அந்தக் கல் குழாய்க்குள் சத்தம் உருண்டு கீழே வந்தது.

யோகநாதன் அப்படியே நின்றார். பிறகு சுவரைப் பிடித்தபடி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். முகம் முழுக்க வியர்வை. மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது. நெஞ்சுவலியோ என்று முதலில் பயந்துபோனேன். "நெஞ்சு நோகுதோ அண்ணை?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கண் மட்டும் மேலே, சத்தம் வந்த பக்கமே பார்த்தபடி இருந்தது.

கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒரு பிரெஞ்சு வகுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. நான் குனிந்து அவர்களுடைய ஆசிரியைக்குப் பிரெஞ்சில் குரல் கொடுத்தேன்: ஒருவருக்குச் சுகமில்லை, தயவுசெய்து பிள்ளைகளைக் கீழேயே வைத்திருங்கள். "சரி மதாம், அவசரமில்லை" என்று பதில் வந்தது. மேலே எங்கள் ஆட்களை அறைக்குள் போய் இருக்கச் சொன்னேன். பிறகு அவருக்கு ஒரு படி கீழே நானும் உட்கார்ந்தேன். அவர் இருந்த இடத்துக்கு நேரே சுவரில், அம்பு எய்கிற ஒடுக்கமான பிளவு ஒன்று இருந்தது.

"அண்ணை, அதுக்குள்ளால என்ன தெரியுது?"

அவர் கேட்காத மாதிரி இருந்தார். திரும்பக் கேட்டேன்.

"வயல்," என்றார் கடைசியில்.

"வேற?"

"ஒரு வெள்ளை வான் போகுது." மூச்சு எடுத்தார். "ஆரோ உடுப்புக் காயப் போட்டிருக்கினம்."

"என்ன உடுப்பு?"

"போர்வை. நீலப் போர்வை."

அவர் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கதவைப் பூட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை அண்ணை. காத்துக்குச் சாத்தினது."

"வடிவாத் தெரியுமோ?"

முதல் நாள் வந்து பார்த்திருந்தேன். அந்தக் கதவில் பூட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு என் சொல் போதாது என்று முகத்தில் எழுதியிருந்தது. அவரைத் தனியே விட்டுவிட்டு நான் மேலே போகவும் முடியாது. அதனால் ஆரணியைக் கூப்பிட்டேன். "பிள்ளை, அந்த இரும்புக் கதவில பூட்டு இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ!"

காலடிச் சத்தம் கேட்டது. கதவு கிரீச்சிட்டது.

"லொக் இல்லை!" என்று மேலிருந்து கத்தினாள். "சும்மா ஒரு கொளுக்கி. வொய்?"

"அப்பா கேக்கிறார்."

மேலே கல்லில் ஏதோ உரசி இழுபட்டது. பிறகு அவள் குரல் வேறு மாதிரி வந்தது. "அப்பா, நான் என்ர பேக்கைக் கதவுக்கு வைச்சிட்டன். இனிச் சாத்தாது. ஓகே?"

அவள் இறங்கி வந்தாள். தகப்பனைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. அவருக்கு மேலே இருந்த படியில் உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராகக் கோணிக்கொண்டு, ஏணியில் இருக்கிற கோழிகள் மாதிரி இருந்தோம்.

"வாட் ஹப்பண்ட்?" என்று என்னிடம் கேட்டாள். பதில் தகப்பன் சொன்னார்.

"என்னை ஒரு அறையில வைச்சிருந்தவங்கள், பிள்ளை. சிலோனில. கதவு சாத்திற சத்தம் இப்பிடித்தான் இருக்கும்."

"எப்ப?"

"நீ பிறக்க முந்தி."

"எவ்வளவு காலம்?"

அவர் தலையை ஆட்டினார். அது தெரியாது என்றோ சொல்லமாட்டேன் என்றோ எனக்கு விளங்கவில்லை. ஆரணி மேலே கேட்கவில்லை. கையை நீட்டி அவருடைய சேர்ட் கொலரைச் சரிப்படுத்தினாள்.

"அண்ணை, கீழ போவம்," என்றேன். "வழி இருக்கு. பிள்ளையள் விலத்துவினம். முற்றத்தில நல்ல நிழலான வாங்கு இருக்கு."

அவர் உடனே எழும்பவில்லை. "மேல என்ன இருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார்.

ஒரு நிமிடம் யோசித்தேன். சும்மா ஒரு பழைய அறை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பூட்டைப் பற்றிக் கேட்ட விதத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"மேல சிறை அறை அண்ணை. பிற்காலத்தில இந்தக் கோபுரத்தைச் சிறையா வைச்சிருந்தவை. கைதிகள் சுவரில கீறினது இருக்கு. அதுக்கும் மேல மொட்டைமாடி. திறந்த வெளி."

"அன்ரி!" என்றாள் ஆரணி. கண்ணில் கோபம். "ஏன் அதைச் சொன்னனீங்கள்?"

"கேட்டவர், அதுதான் சொன்னனான்."

யோகநாதன் மகளின் முழங்காலில் கை வைத்தார். "பரவாயில்லை," என்றார். இன்னொருமுறை பிளவுக்குள்ளால் வெளியே பார்த்தார். பிறகு படியோரச் சுவரில் கட்டியிருந்த கைப்பிடிக் கயிற்றைப் பிடித்து எழும்பினார். "மேலயே போவம்."

சிறை அறையில் எங்கள் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பகிடி விட்ட அந்தப் பாரிஸ் அங்கிள், தான் இருந்த ஜன்னல் திண்டிலிருந்து எழும்பி இடம் விட்டார். சாந்தி ஓடிவந்து கணவனின் கையைப் பிடித்தார். அவர் கையை விடாமலே சுவருக்குக் கிட்டப் போனார்.

மென்மையான கல். கூரான எதையோ கொண்டு கீறியிருக்கிறார்கள். பாய் விரித்த ஒரு கப்பல், சிலுவைகள், தாடி வைத்த ஒரு முகம். கப்பலில் கயிறு கயிறாக எல்லாம் கீறப்பட்டிருந்தது. யோகநாதன் அதையே நெடுநேரம் பார்த்தார்.

"இவர் வெளியில போனவரோ?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணை. ஒருத்தருக்கும் தெரியாது."

"போயிருப்பார்," என்றார். "இவ்வளவு பொறுமையாக் கீறின ஆள் போயிருப்பார்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நானும் கீறினனான். சைக்கிள். சில்லு மட்டும் வட்டமா வரேல்ல. எத்தினை தரம் கீறினாலும் முட்டை மாதிரித்தான் வந்தது."

ஆரணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள்.

மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு அந்தக் குடும்பத்தோடு நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். நல்ல காற்று. கோட்டை முழுவதும் காலடியில் கிடந்தது. மதில் மேல் காவல்காரர் நடந்த பாதை, மூலைக் கோபுரங்கள், அப்பால் ஊர்க் கூரைகள், ஆறு. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்; பிறகு சாந்தியோடு தள்ளிப்போய் நின்றுகொண்டேன். ஆனாலும் காற்று அவர்கள் பேசியதைக் கொண்டு வந்தது.

"அப்பா, அதாலதானோ எங்கட வீட்டில ஒரு கதவையும் சாத்த விடுறேல்ல? என்ர ரூமையும்?"

"ஓம்."

"நான் நினைச்சன், யூ டோன்ட் டிரஸ்ட் மீ எண்டு. ஸ்கூல் காலம் முழுக்க அப்பிடித்தான் நினைச்சனான்."

"சீச்சீ," என்றார் அவர். "சீச்சீ, என்ன பிள்ளை." அவள் அவருடைய தோளில் முகத்தை வைத்தாள்.

சாந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எனக்குத் தெரியும், ஜெசி," என்றார் மெதுவாக. "கலியாணம் பேசேக்கையே சொன்னவர். பிள்ளைக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர். அவளும் தகப்பனும் கதவுக்குச் சண்டை பிடிக்கேக்க, நான் குசினியில நிண்டு என்ர நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருப்பன்."

கீழே இறங்கியபோது, பிரெஞ்சுப் பிள்ளைகள் கோபுரத்தடிப் புல்லில் வரிசையாக இருந்து கோட்டையை வரைந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை எங்களைக் கண்டதும் எழும்பி யோகநாதனிடம் நலம் விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார்.

பஸ் பிந்திவிட்டது. அடுத்துப் போகவேண்டிய மாளிகையைப் பூட்டிவிட்டார்கள். அநேகமானவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பம் சிட்னிக்கு வந்ததும் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து முறையிட்டது. ஒரு ஆளுக்காக எல்லாருடைய பயணத்தையும் வழிகாட்டி குழப்பிவிட்டாராம்.

டொறத்தி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். இடையில் மறிக்காமல் கேட்டார். பிறகு குரல் தணிந்தது. கோபமாக்கும் என்று நான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொன்னாயா?"

"சொன்னேன்."

"தெரிந்துகொண்டுதான் ஏறினாரா?"

"ஓம். அவர்தான் போவோம் என்றார்."

டொறத்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த மனுசியை நான் அப்படிக் கண்டது அந்த ஒரு தரம்தான். "அப்படியானால் முறையிட்ட குடும்பத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்," என்றார்.

அடுத்த பயணத்திலிருந்து எங்கள் ஒழுங்கில் இன்னொன்று சேர்ந்தது. கோட்டைக்குப் போகுமுன் பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும்: உள்ளே ஒடுக்கமான படிக்கட்டு இருக்கிறது, சிறை அறை இருக்கிறது, கதவுகள் சத்தமாகச் சாத்தும், ஏற விருப்பமில்லாதவர்கள் முற்றத்து வாங்கில் இருக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நான் ஓய்வு பெறும்வரை அதைச் சொன்னேன். ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது முற்றத்தில் தங்கினார். நான் ஒருவரிடமும் காரணம் கேட்டதில்லை. சிலர் தாங்களாகச் சொன்னார்கள். செயலி செய்கிற பிள்ளைக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். படிக்கட்டுக்கு முன்னால் அந்த வரிகளைச் சேர்ப்பதாகச் சொன்னாள்.

அந்தப் பயணம் முடிந்து ஒரு வருடம் இருக்கும். சிட்னிக்குத் தெற்கே இருக்கிற ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு என் சிநேகிதி ஒருத்தியைக் காரில் கூட்டிக்கொண்டு போனபோது யோகநாதன் குடும்பத்தைக் கண்டேன். அடுத்த ஞாயிறு சாப்பிட வரவேண்டும் என்று சாந்தி பிடிவாதமாக நின்றார். ஸ்ட்ராத்ஃபீல்டில் அவர்களுடைய வீடு. சாந்தி சோறு போட்டுவிட்டு, "ஆரணியைக் கூப்பிடுங்கோ, படிக்கிறாள்," என்றார் கணவனிடம்.

நான் இருந்த கதிரையிலிருந்து, அறைகளுக்குப் போகிற நடை தெரிந்தது. அதன் முடிவில் ஒரு வெள்ளைக் கதவு, சாத்தியிருந்தது. யோகநாதன் அதற்கு முன்னால் போய் நின்றார். கை கொஞ்சம் தயங்கியது. கைப்பிடியைத் தொடவில்லை. விரலை மடித்து இரண்டு தரம் தட்டினார்.

"ஆர்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா," என்றார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் வந்து திறக்கும்வரை அங்கேயே நின்றார்.